வாத்தியத்துக்குக் குலம் உண்டோ?

1937ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராக்பெல்லர் தேவாலயத்தில், ஒரு விசித்திரமான பரீட்சை நடைபெற்றது. கடிகாரம் செய்து விற்பதைத் தொழிலாகக் கொண்டவரும், எந்த வாத்தியத்தையும் வாசிக்கத் தெரியாதவருமான லாரன்ஸ் ஹாம்மண்ட் என்பவர், மோட்டாரால் சுழலும் எஃகுப் பற்சக்கரங்களைக் காந்தங்களின் அருகே ஓடவிட்டு, அதனால் பிறக்கும் மின்னலைகளை ஒலியாக மாற்றித் தரும் ஒரு பெட்டியைச் சில ஆண்டுகளுக்கு முன் சிருஷ்டித்து, அதற்கு ஆர்கன் என்றே பெயரும் சூட்டி, குழல் ஆர்கன் வாங்க வசதியற்ற சிறு தேவாலயங்களுக்கு விற்று வந்தார். குழல் ஆர்கன் செய்யும் பரம்பரைத் தொழிலாளர் இதைப் பொறுப்பார்களா? விவகாரம் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வரை சென்றது. விசாரணையின் ஓர் அங்கமாக, அந்தத் தேவாலயத்துப் பெரிய ஆர்கனும் ஹாம்மண்டின் பெட்டியும் மாறிமாறி ஒலிக்க, ஒலிப்பது எது என்று கண்ணால் காணமுடியாதபடி அமர்ந்திருந்த வித்துவான்களும் மாணவர்களும் தாம் கேட்டது அசலா, போலியா என்று எழுதிக் கொடுத்தார்கள். மாணவர்களின் விடைகள், ஒரு காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தால் எவ்வளவு சரியாக இருந்திருக்குமோ ஏறக்குறைய அவ்வளவே சரியாக இருந்தன. வித்துவான்களின் விடைகள் சற்று மேல். மறு வருஷம் ஆணையம், குழல் ஆர்கனுக்கு ஈடானது என்பது போன்ற விளம்பர வார்த்தைகளைக் கைவிடும்படி உத்தரவிட்டதே தவிர, ஆர்கன் என்ற பெயரை அந்தப் பெட்டியிடமிருந்து பறிக்கவில்லை.

வியாபாரப் போட்டியில் எழுந்த வழக்குத்தான் இது. ஆயினும் வியாபாரம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சில ஒலிகள் இயல்பாகவே தெய்வத்துக்குரியவை, அவற்றை எழுப்பும் கருவிகளுக்கும் அந்தப் பரிசுத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவற்றை வேறிடத்துக்குக் கொண்டுபோவதும் வேறொன்றைக் கொண்டு அவற்றைப் போலச் செய்வதும் அபசாரம் என்ற ஓர் உணர்ச்சி அதன் அடியில் இருந்திருக்க வேண்டும். அந்த உணர்ச்சி நியாயமானதுதானா? ஒலிக்கும் பொருளுக்கு ஒரு சுபாவம், ஒரு குலம், அதற்கென்று விதிக்கப்பட்ட ஸ்தானம் என்பவை உண்டா? இந்த விசாரத்துக்கு வேதாந்திகளைவிடவும், மத சாஸ்திரிகளைவிடவும், ராக் இசையின் பேரிரைச்சலுக்கு நடுவில் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஜான் லார்ட் என்ற ஆங்கிலேயக் கலைஞர் அதிக உதவி செய்கிறார் என்பது என் அபிப்பிராயம். ‘டீப் பர்ப்பிள்’ குழுவில் ஹாம்மண்ட் ஆர்கன் வாசித்துப் பிரசித்தி பெற்றவர் அவர். அவர் எந்த மதத்தை அனுசரித்தார் என்பது இந்த விஷயத்துக்கு வேண்டுவதில்லை. அவர் கையில் அகப்பட்ட வாத்தியம் என்ன ஆயிற்று என்பதே கேள்வி.

முதலில் குழல் ஆர்கனின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம். அது தேவாலயத்தில் பிறந்ததன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தெஸிபியஸ் என்ற யந்திர நிபுணர், நீரின் அழுத்தத்தால் காற்றைக் குழல்களில் செலுத்தும் ஒரு பொறியாக அதை அமைத்தார். ரோமர்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் வைத்த இடம் கொலைக்களம்: மனிதன் மனிதனை வெட்டி வீழ்த்துவதை ஜனங்கள் வேடிக்கை பார்த்த வட்டரங்கங்களில், அந்த ஆரவாரத்தை மீறிக் கேட்கத்தக்க வாத்தியம் என்பதாலேயே அதற்கு மதிப்பு இருந்தது. ஜெர்மனியில் நென்னிக் என்ற ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ரோமானியத் தரைச் சித்திரத்தில், போர்வீரர்களின் சண்டைக் காட்சிகளோடு ஆர்கன் வாசிப்பவனையும் கொம்பு ஊதுபவனையும் இன்றும் காணலாம். ஆதித் திருச்சபையின் பிதாக்கள் வாத்தியங்களை வெறுத்ததற்கு இத்தகைய ஞாபகங்கள் போதாவா? 757ஆம் ஆண்டில் பைசாந்தியச் சக்கரவர்த்தி பிராங்கு தேசத்து மன்னன் பெப்பினுக்கு ஓர் ஆர்கனை அனுப்பியபோதுகூட, அது ராஜசபைக்கு உரிய காணிக்கையாகவே சென்றது. பிறகு மெல்ல மெல்ல, யார் கொண்டுவந்தார்கள் என்று ஒருவரைச் சுட்டிச் சொல்ல இயலாதபடி, மேற்கத்தியத் தேவாலயங்களுக்குள் நுழைந்துவிட்டது. கீழைத் திருச்சபை பெரும்பாலும் அதை உள்ளே விடவே இல்லை. மேற்கிலும் அதன் ஸ்தானம் நிலைபெற்றதென்று சொல்வதற்கில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஸூரிச் நகரத்துச் சீர்திருத்தக்காரர்கள் ஆர்கன்களை உடைத்தெறிந்தார்கள். 1644இல் இங்கிலாந்தின் பார்லிமெண்டு தேவாலயங்களிலுள்ள ஆர்கன்களை அகற்றும்படி சட்டமே செய்தது.

பத்தாம் நூற்றாண்டில் வின்செஸ்டர் மடத்துத் துறவியான உல்ஃப்ஸ்டன் தம் தேவாலயத்து ஆர்கனைப் பற்றிப் பாடியுள்ள விவரம் இங்கே நினைக்கத்தக்கது. 400 குழல்கள், 26 துருத்திகள், அவற்றை இயக்கி வியர்த்துக் கொட்டும் 70 ஆட்கள். அதன் முழக்கம் தாங்காமல் வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ள, ஊரெங்கும் அது கேட்டதாம். கவியின் அத்யுக்தி இதில் எவ்வளவு என்பதைச் சரித்திரக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பரிசுத்தமான ஒலி என்றால் அடங்கிய, மெல்லிய, பணிவான ஒலி என்று நாம் இன்று கற்பித்துக்கொண்டிருப்பது அந்தத் துறவிக்குத் தெரியாது. 1972இல் லண்டன் ரெயின்போ அரங்கில் 117 டெசிபெல் அளவுக்கு முழங்கி, உலகத்திலேயே மிகுந்த சத்தமுள்ள குழு என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் பெற்ற டீப் பர்ப்பிளின் கச்சேரிக்கு அவர் வந்திருந்தால், இரைச்சல் என்ற ஒரே காரணத்துக்காக அவர் முகஞ்சுளித்திருக்கமாட்டார்.

ஜான் லார்ட் 1941ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி லெஸ்டர் நகரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே பியானோ அப்பியாசம். பாஹ் முதலிய பழைய மேதைகளின் கிருதிகளில் தேர்ச்சி. பிறகு நடிப்புப் பயில்வதற்காக லண்டன் பிரயாணம். வயிற்றுப்பாட்டுக்கு மதுச்சாலைகளில் வாசிப்பு. ஜிம்மி ஸ்மித் என்ற கறுப்பின ஜாஸ் கலைஞர் ஹாம்மண்டை வாசித்த வகையைக் கேட்டு அந்த வாத்தியத்தின்மேல் மோகம். 1968இல் ரிச்சி பிளாக்மோர் என்ற கிட்டார் கலைஞரோடும் மற்றவர்களோடும் சேர்ந்து டீப் பர்ப்பிளைத் தொடங்கியபோது அவர் முன் நின்ற சங்கடம், தத்துவ சம்பந்தமானது அன்று. கிட்டாரின் உக்கிரத்துக்கு முன் ஆர்கன் எடுபடவில்லை என்பதே. சாதாரணமாக ஹாம்மண்டோடு இணைக்கப்படுவது, உள்ளே கொம்பு சுழன்று ஒலியை அலைபோல் வீசும் லெஸ்லி என்ற ஒலிபெருக்கி. லார்ட் அதோடு திருப்தியடையாமல், கிட்டார்க்காரர்கள் உபயோகிக்கும் மார்ஷல் ஆம்ப்ளிபையரில் ஆர்கனைப் பூட்டினார். எண்ணெயிட்ட மரம்போல் வழுவழுத்திருந்த அந்தத் தேவாலயக் குரல் கரகரத்து, உறுமத் தொடங்கியது. கட்டை அழுத்தும்போதெல்லாம் எழும் ஒரு சிறு ‘டக்’ ஓசையைக் குறை என்று கருதி அதைப் போக்குவதற்கு ஹாம்மண்ட் கம்பெனியார் பாடுபட்டார்கள்; ஜாஸ், ராக் கலைஞர்களோ அதையே அழகென்று கொண்டாடினார்கள்.

இங்கே பாருங்கள், எத்தனை அடுக்கான வேஷம்! கொலைக்களத்திலிருந்து கோயிலுக்கு வந்தது குழல் ஆர்கன். குழல் ஆர்கனைப் போல ஒலிப்பதற்காகப் பிறந்தது ஹாம்மண்ட். கிட்டாரைப் போல ஒலிக்கக் கற்றது லார்டின் ஹாம்மண்ட். 1971 டிசம்பரில் ஸ்விட்ஸர்லாந்தின் மோன்த்ரோவில் சூதாட்ட மண்டபம் தீப்பற்றி எரிந்த சம்பவத்தை வைத்து அக்குழு இயற்றிய ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்ற பாட்டின் முகப்பை உலகமெங்கும் கிட்டார் பழகும் சிறுவர்கள் முதல் பாடமாக வாசிக்கிறார்கள். அந்த முகப்பில் கிட்டாரோடு ஒட்டி, அதே ஸ்வரங்களை ஆர்கனும் வாசிக்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? தன் குரலை வேறொருவனுடைய குரலுக்குள் கரைத்துவிட்டு, அந்த வேறொருவனின் பெயராலேயே புகழ் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பக்தி மார்க்கத்தில் உயர்ந்த நிலை என்று சொல்வார்கள். லார்டுக்கு அத்தகைய விருது கொடுத்துவிடலாமா என்றால், எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. நடிப்புப் பயின்ற அந்த மனிதர் மேடையில் அந்தக் கனத்த பெட்டியை முன்னும் பின்னுமாக ஆட்டி, அதனுள்ளிருக்கும் சுருள்கம்பிகளை இடிமுழக்கம் செய்யவைத்துச் சபையைக் கலங்கடித்தவர். தன்னை மறைத்துக்கொள்வதும் தன்னைக் காட்டிக்கொள்வதும் அவரிடம் ஒரே மாலைப் பொழுதில் நடந்தன.

1969 செப்டம்பர் 24ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்தது, சுபாவம் என்ற கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. இரவு வேளைகளில், கச்சேரிகள் முடிந்தபின் உட்கார்ந்து எழுதி, ராக் குழுவுக்கும் முழு வாத்தியக் கோஷ்டிக்குமாக மூன்று பகுதிகள் கொண்ட ஒரு கான்சர்ட்டோவை லார்ட் இயற்றியிருந்தார். ராயல் பில்ஹார்மானிக் கோஷ்டியை நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். ஒத்திகையில் கோஷ்டியினருள் சிலர் இந்த நீண்ட தலைமுடிக்காரர்களை இளக்காரமாக நடத்தியதையும், ஆர்னால்ட் அவர்களைக் கடிந்துகொண்டதையும் அப்போது அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆசாரமுள்ள சங்கீத ரசிகர்களுக்கு இது கலப்படம். ராக் ரசிகர்களில் பலருக்கு இது பெரியவர்களின் காலில் விழுந்த காரியம். இரு திறத்தாரும் எதிரெதிரானவர்கள் போலத் தோன்றினாலும் அவர்கள் கைக்கொண்ட சித்தாந்தம் ஒன்றே: ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வீடு உண்டு, அது தன் வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்தக் கான்சர்ட்டோ ஒரு பூரணமான கிருதி என்று நான் வாதிக்கமாட்டேன். முதல் பகுதியில் கோஷ்டியும் குழுவும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடங்கள் நீளமானவை. எதிரிகளாக நிறுத்திப் பின் சமாதானம் செய்துவைப்பது என்ற திட்டம் சற்று அப்பட்டமாகவே தெரிகிறது. ஆனால் கலப்பினாலேயே அது கெட்டது என்று சொல்பவர்கள் பாஹுக்கு என்ன பதில் சொல்வார்கள்? 1733இல் ஓர் அரசியின் பிறந்தநாளுக்காக முரசும் எக்காளமும் வைத்து அவர் இயற்றிய இசையை, மறு வருஷமே வார்த்தைகளை மாற்றி, தேவகுமாரனின் பிறப்பைக் கொண்டாடும் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவின் ஆரம்பமாக அமைத்துக்கொண்டார். முரசுகள் அவையே, எக்காளங்களும் அவையே. அரசியைப் புகழ்ந்து ஒலித்தபோது அந்த ஸ்வரங்கள் அசுத்தமாயிருந்து, தேவாலயத்தின் வாயிற்படியைத் தாண்டியதும் சுத்தமாகிவிட்டனவா?

இந்த இடத்தில் புனித அகஸ்தீனின் ஞாபகம் வராமற் போகாது. தம் வாக்குமூல நூலின் பத்தாம் புத்தகத்தில் அவர் ஒரு பயத்தைச் சொல்கிறார்: பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாக உருக்கும்போது தாம் குற்றம் செய்ததாகவே உணர்வதாகவும், அப்போதெல்லாம் அந்தப் பாட்டைக் கேளாதிருப்பதே மேலென்று தோன்றுவதாகவும் எழுதுகிறார்; அதே மூச்சில், மதத்தில் புதிதாகச் சேர்ந்த நாளில் அந்தப் பாட்டுக்களைக் கேட்டுத் தாம் கண்ணீர் விட்டதையும் நினைத்து, திருச்சபையில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கம் சாய்கிறார். இரண்டு மனத்தோடு அவர் நிற்கும் அந்த நிலையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒலியின் இன்பம் ஒலியோடு நின்றுவிடக்கூடும் என்ற அவருடைய எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு, எல்லா இசையும் தெய்விகமே என்று தாராளமாகச் சொல்லிவிடுவது இன்று சுலபம். அது சோம்பலும் ஆகும். வேகமாக ஓடும் காரைப் புகழ்கின்ற ‘ஹைவே ஸ்டார்’ பாட்டை அகஸ்தீனின் தராசில் வைத்தால் அது மேலெழும்பிவிடும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் அதே பாட்டின் நடுவில் வார்த்தைகள் ஓய்ந்தபின் லார்ட் தனித்து வாசிக்கும் சில கணங்கள் உண்டு. பாஹின் பாணியில் படிப்படியாக இறங்கிச் செல்லும் ஸ்வரக்கோவைகளின்மேல் அமைந்த வாசிப்பு அது. 1972 ஆகஸ்டில் ஒஸாகாவிலும் தோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ தட்டில் அதைக் கேட்கலாம். அங்கே அகஸ்தீனின் தராசுக்கு ஒரு தட்டுத்தான் இருக்கிறது. குரலுக்கு எதிராக வைத்துப் பார்ப்பதற்குப் பொருள் என்று ஒன்றுமில்லை. பாஹின் ஃபியூகுகளும் வார்த்தையற்றவையே. அவற்றை நாம் தேவாலயத்தில் கேட்டுப் பழகியதால் பக்தி என்று அறிந்துகொள்கிறோம். வார்த்தையில்லாத ஒலி எதைச் சுட்டுகிறது? எதையும் சுட்டாதது கேவலம் இந்திரிய சுகமா, அல்லது சுட்டுவதற்கு அப்பாற்பட்டதா? வாசிப்பவனின் ஏகாக்கிரதையே அதைத் தீர்மானிக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். மனம் சிதறாமை கொலைகாரனிடமும் உண்டே! ஆகையால் அது மட்டும் போதாது. ஒலியினிடத்தில் வாசிப்பவன் தனக்கென்று எந்த உரிமையை வைத்துக்கொள்கிறான், எதை விட்டுவிடுகிறான் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கான்சர்ட்டோவுக்குப் பின் நடந்தது இதற்கு ஓர் உதாரணம். வாத்தியக் கோஷ்டிகளோடு வாசிக்கும் குழு என்று பெயரெடுப்பதை மற்றவர்கள், முக்கியமாகப் பிளாக்மோர், விரும்பவில்லை. கனத்த ராக் இசையையே முயன்று பார்ப்போம் என்றார்கள். லார்ட் இசைந்தார். 1970இல் வெளிவந்த ‘இன் ராக்’ அந்த இசைவின் பலன். அதில் புகழ்பெற்ற ‘சைல்ட் இன் டைம்’ பாட்டை ஆரம்பிக்கும் ஆர்கன் வரிகூட, ஸான் பிரான்ஸிஸ்கோவின் ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ குழு வாசித்த ‘பம்பாய் காலிங்’ என்ற இசையிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. பம்பாய் எங்கே, ஸான் பிரான்ஸிஸ்கோ எங்கே, லண்டன் எங்கே! சாஹித்தியகர்த்தா என்ற பெருமையை லார்ட் ஒதுக்கிவைத்ததைத் தியாகம் என்று புகழலாம்தான். அது அவருக்கும் குழுவுக்கும் செல்வத்தையும் கீர்த்தியையும் கொண்டுவந்து கொட்டிற்று என்பதையும் மறைக்கலாகாது. லாபமாக முடிந்த துறவு துறவாகுமா என்பது பழைய கேள்வி.

அவருடைய பிற்காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு பக்தி சரித்திரத்தின் அச்சில் அதை வார்க்க ஆசைப்படுகிறார்கள்: இளமையில் இரைச்சல், முதுமையில் அமைதி, அரங்கத்தில் அலைந்தவர் கடைசியில் தேவாலயத்துக்குத் திரும்பினார். கேட்க இனிமையான கதை. தாயார் இறந்த துக்கத்திலிருந்து எழுந்த ‘பிக்சர்ட் விதின்’ 1998இல் வெளிவந்தது. 2002இல் டீப் பர்ப்பிளை விட்டு விலகினார். அதன்பின் வாத்தியக் கோஷ்டிகளுக்கான இசையிலேயே பெரும்பாலும் ஈடுபட்டார். எல்லாம் உண்மை. ஆனால் 28 வயதில் ஆல்பர்ட் மண்டபத்துக்குக் கோஷ்டியிசை எழுதியவரும் அவரே, 66 வயதில் அதே ஹாம்மண்டைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தவரும் அவரே. திரும்பி வருவதற்கு அவர் எங்கும் போயிருக்கவில்லை.

அந்தத் தேவாலயம் டர்ஹம். ஆங்கில நாட்டின் ஆதிகாலத்து மகான் கத்பெர்ட்டின் சமாதியும், சரித்திரம் எழுதிய பீடின் சமாதியும் அங்கே இருக்கின்றன. ஹென்றி வில்லிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த பெரிய குழல் ஆர்கனும் அங்கே இருக்கிறது. டர்ஹம் பல்கலைக்கழகத்தின் 175ஆவது ஆண்டு நிறைவுக்காக லார்ட் இயற்றிய ‘டர்ஹம் கான்சர்ட்டோ’ 2007 அக்டோபரில் அங்கே அரங்கேறியது. வயலின், செல்லோ, அந்த வட்டாரத்து ஜனங்களின் துருத்திக் குழலாகிய நார்த்தம்பிரியன் பைப்ஸ் ஆகியவற்றோடு, தனி வாத்தியமாக ஹாம்மண்ட் ஆர்கனுக்கும் அதில் இடம் அளித்திருந்தார்; வாசித்தவரும் அவரே. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் சிக்காகோவில் திரைமறைவில் நின்று, அசலைப் போலவே ஒலிக்கிறேனா என்று பரீட்சை எழுதிய வாத்தியம், இங்கே அசலின் கண்ணெதிரே, தன் சொந்தக் கரகரப்போடு, யாரைப் போலவும் ஒலிக்க முயலாமல் ஒலித்தது.

2012ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, கணையப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்த லார்ட் லண்டனில் காலமானார். அவர் விட்டுச்சென்றது எது என்று கேட்பவர்களுக்குத் தட்டுக்களின் ஜாபிதாவைக் காட்டலாம்; 2016இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயர் குழுவினர் பெயரோடு சேர்க்கப்பட்டதையும் சொல்லலாம். எனக்கு அதைக் காட்டிலும் விசேஷமாகப் படுவது, 1969இன் கான்சர்ட்டோவுக்கு நேர்ந்த கதி. 1970ஆம் ஆண்டோடு அதன் ஸ்வரப் பிரதி தொலைந்துபோயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தக் கிருதி தாளில் எங்கும் இல்லை. இருந்ததெல்லாம் அந்த இரவின் ஒலிப்பதிவும் படமுமே. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்க்கோ டி ஹூய் என்ற இளம் இசைகர்த்தா அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும், ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் காதால் பிரித்தெடுத்து எழுதத் தொடங்கினார். முழக்கத்தில் அமுங்கி எவ்வளவு கேட்டும் பிடிபடாத இடங்கள் இருந்தன. அவற்றை லார்ட் மறுபடியும் சிந்தித்து நிரப்பினார். 1999 செப்டம்பரில் அதே ஆல்பர்ட் மண்டபத்தில், லண்டன் ஸிம்பனி கோஷ்டியும் டீப் பர்ப்பிளும் சேர்ந்து அதை வாசித்தார்கள். நடத்தியவர் பால் மான். மூலப் பிரதி இல்லாத ஒரு கிருதிக்கு, எது அசல் என்று தீர்ப்புச் சொல்ல எந்த ஆணையத்தையும் யாரும் கூட்டவில்லை. அந்தப் புதிய பிரதியை வைத்துக்கொண்டு பல தேசங்களில் கோஷ்டிகள் அதை வாசித்து வருகின்றன. ஆர்கன் தனித்து நிற்கும் இடங்களில் 1969இல் லார்ட் வாசித்தது ஒன்று, 1999இல் வாசித்தது வேறு, இப்போது அந்த இருக்கையில் அமர்கிறவர்கள் வாசிப்பது இன்னும் வேறு.